வாடகை மின் ஸ்கூட்டர்: ஏறுவதை விட இறங்குமிடத்தைப் பாருங்கள்

ரெயூனியனிலிருந்து படிப்புக்கோ வேலைக்கோ சிகிச்சைக்கோ பிரான்சின் பெருநகரங்களுக்குப் போகிறவர்கள், போன முதல் வாரத்திலேயே கைபேசியில் இறக்கிக்கொள்ளும் ஆப்களில் வாடகை மின் ஸ்கூட்டர் ஆப்பும் ஒன்று. நின்றபடி ஓட்டும் சிறு சக்கர வண்டி, நம் தீவில் த்ரொத்தினெத் என்றால் எல்லோருக்கும் தெரியும். தெருவில் நிற்கும் வண்டியை ஆப்பில் திறக்கலாம், நிமிடக் கணக்கில் ஓட்டலாம், போன இடத்தில் விட்டுவிட்டு நடக்கலாம். சொந்த வண்டி இருந்தாலும் அதை இங்கிருந்து கொண்டுபோக வழியில்லை. பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பெட்டியிலும் வைக்க முடியாது, கையிலும் எடுத்துப்போக முடியாது. சாதாரண மின் ஸ்கூட்டரின் பேட்டரியே 250 வாட்-மணிக்கு மேல். ஆகவே தீவிலிருந்து போகிறவர்களுக்கு வாடகை வண்டிதான் முதல் வழி.

லைம், வோய், டாட் ஆகியவை அங்கே அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள். டியர் என்ற நிறுவனம் 2024-இல் டாட்டுடன் இணைந்தது. எந்த நகரில் எது ஓடும் என்பது நகர நிர்வாகம் கொடுக்கும் உரிமத்தைப் பொறுத்தது. 2019 டிசம்பர் 24-ஆம் தேதிப் போக்குவரத்துச் சட்டம் அந்த அதிகாரத்தை உள்ளூர் நிர்வாகங்களுக்குக் கொடுத்தது. உரிமம் சில ஆண்டுகளுக்குத்தான். மறு ஏலத்தில் நிறுவனம் மாறிவிடும். அண்ணன் போன வருடம் பயன்படுத்திய ஆப் இந்த வருடம் தம்பிக்கு அதே ஊரில் ஒரு வண்டியும் காட்டாமல் போகலாம். காசு போட்டு வைப்பதற்கு முன் ஆப்பின் வரைபடத்தைத் திறந்து, தங்கப்போகும் தெருவைச் சுற்றி வண்டி தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இந்தச் சேவைகளைப் பற்றி எங்கள் தீர்ப்பு இது: வண்டிகள் நன்றாகத் தேறிவிட்டன, ஒரு நிறுவனத்தின் வண்டிக்கும் இன்னொன்றுக்கும் இன்று பெரிய வித்தியாசமில்லை. சேவை நல்லதா கெட்டதா என்பது பயணத்தை முடிக்கும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் தெரியும். வீண் செலவு, அபராதம், வழக்கு எல்லாம் அங்கேதான் பிறக்கின்றன. அதனால் ஆப்பை எடைபோடுகிறவர்கள் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கணக்குத் திறக்கும்போது

தீவின் கைபேசி எண் வைத்திருப்பவர்கள் முதலில் இடறும் இடம் நாட்டுக் குறியீடு. ஆப் தானாகவே +33 என்று காட்டும். 0692, 0693 என்று தொடங்கும் நம் எண்ணுக்கு +262 வேண்டும். நாடுகளின் பட்டியலில் பிரான்சைத் தாண்டிப் போய் ரெயூனியனைத் தனியாகத் தேடி எடுங்கள். தவறான குறியீட்டோடு பதிந்தால் குறுஞ்செய்தியில் வரவேண்டிய ரகசிய எண் வரவே வராது. ஆப் பழுது என்று நினைத்து அதையே பத்து முறை அழுத்தினால் கணக்கு சிறிது நேரம் முடக்கப்படும்.

எண்ணோடு மின்னஞ்சலையும் கட்டாயம் இணைத்துவிடுங்கள். வழியில் பேட்டரி தீர்ந்து கைபேசி அணைந்தால், வண்டியின் கடிகாரம் நிற்காது, காசு ஏறிக்கொண்டே இருக்கும். நண்பரின் கைபேசியில் உங்கள் கணக்கைத் திறந்து பயணத்தை முடிக்கலாம். ஆனால் ரகசிய எண் அணைந்த கைபேசிக்குத்தான் போகும். சிம்மை உருவி மாற்றலாம், இசிம் என்றால் அதுவும் முடியாது. மின்னஞ்சல் வழியாக உள்ளே போகும் வசதி இருந்தால் இந்தச் சிக்கல் வராது.

வங்கி அட்டையைப் பதிந்தவுடன் சில ஆப்கள் ஒரு சிறு தொகையைப் பிடித்து வைக்கும். அது செலவு அல்ல, சில நாளில் திரும்பிவிடும். கணக்கில் கொஞ்சமே வைத்திருக்கும் மாணவர்கள் மட்டும் இதை நினைவில் வைக்கவேண்டும், பிடித்த தொகையால் வேறு பில் தவறிப்போகலாம். வயதைப் பொறுத்தவரை, பிரான்சின் சட்டப்படி 2023 செப்டம்பர் முதல் 14 வயதானவர் மின் ஸ்கூட்டர் ஓட்டலாம். வாடகை நிறுவனங்களோ பெரும்பாலும் 18 கேட்கின்றன. அப்பாவின் கணக்கில் 15 வயதுப் பிள்ளை ஓட்டி விபத்து நேர்ந்தால், சட்டம் அனுமதித்தாலும் நிறுவனத்தின் ஒப்பந்தம் மீறப்பட்டதால் காப்பீட்டாளர் கைவிரிக்க இடமுண்டு. பிள்ளை கேட்டால் மனம் இளகும், ஆனாலும் கொடுக்காதீர்கள்.

வண்டி

2017-இல் பேர்ட் நிறுவனம் கலிபோர்னியாவின் சாண்டா மோனிக்காவில் இந்தத் தொழிலைத் தொடங்கியபோது, தனிநபருக்காகச் செய்த 12 கிலோ வண்டிகளைத் தெருவில் விட்டார்கள். நாள் முழுக்கப் பலர் ஏறி இறங்கியதில் அவை மாதக்கணக்கில்கூடத் தாங்கவில்லை. இன்று வாடகைக்கு ஓடுபவை வேறு இனம். எடை ஏறத்தாழ 30 கிலோ, சக்கரம் 10 அங்குலம் அல்லது அதற்கு மேல், பிரேக் ஒயர்கள் தண்டுக்குள்ளே ஓடும், பேட்டரி கழற்றி மாட்டுவது. லைம் நிறுவனத்தின் நான்காம் தலைமுறை வண்டியில் உள்ள பேட்டரி அவர்களது மின் சைக்கிளுக்கும் பொருந்தும். வோயின் மாடல்களில் திரும்பும் விளக்கு வந்துவிட்டது. கையை விட்டுச் சைகை காட்டினால் ஆட்டம் கொடுக்கும் வண்டியில் இது பெரிய பாதுகாப்பு.

பேட்டரியைக் கழற்றி மாட்டும் முறையால் நமக்கு என்ன லாபம்? முன்பு வண்டியையே வேனில் ஏற்றிக் கிடங்குக்குக் கொண்டுபோய் இரவில் சார்ஜ் செய்தார்கள். காலையில் மறுபடி இறக்கினார்கள். ஏற்றி இறக்கியதிலேயே பாதி வண்டி உடைந்தது, வேன் குடித்த டீசலில் சுற்றுச்சூழல் பெருமையும் கரைந்தது. இப்போது ஊழியர் சரக்குச் சைக்கிளில் வந்து நின்ற இடத்திலேயே பேட்டரி மாற்றிவிட்டுப் போகிறார். அதனால் மாலை 6 மணிக்கும் முழுச் சார்ஜுள்ள வண்டி கிடைக்கிறது. ஒரு நகரில் மாலையில் ஆப்பைத் திறந்து, தெரியும் வண்டிகளில் பாதிக்கு மேல் 20 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால், அங்கே பராமரிப்பு ஆள் போதவில்லை என்று பொருள். அந்த ஊரில் மாதச் சந்தா வாங்காதீர்கள்.

திறப்பதற்கு முன் அரை நிமிடம் பார்க்கவேண்டியவை உண்டு. திறந்த பிறகு பார்த்தால் காசு ஓடும். க்யூஆர் ஒட்டியின் மேல் இன்னொரு காகிதம் ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். போலி ஒட்டி ஒட்டி அட்டை எண்ணைத் திருடும் வேலை பல ஊர்களில் நடக்கிறது. கைபேசியின் பொதுக் கேமராவால் ஸ்கேன் செய்யாமல், ஆப்புக்குள் இருக்கும் ஸ்கேனரால் மட்டும் எடுத்தால் போலி ஒட்டி வேலை செய்யாது. பிறகு இரண்டு பிரேக் பிடிகளையும் அழுத்தவேண்டும். பிடி கைப்பிடியைத் தொடும் அளவுக்கு உள்ளே போனால் ஒயர் தளர்ந்திருக்கிறது, அந்த வண்டியை விடுங்கள். முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டில்பாரை முன்னும் பின்னும் ஆட்டினால் தண்டின் அடியில் டொக் டொக் என்று கேட்கக்கூடாது. கேட்டால் மூட்டு தளர்ந்துவிட்டது. வேகம் கூட்டும் பிடியான த்ராட்டிலைக் கட்டைவிரலால் அழுத்தி விட்டால் அது தானாகத் திரும்பி வரவேண்டும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் மணலும் புகுந்து த்ராட்டில் பாதியில் நின்றுவிடுவதுண்டு. அதுதான் இந்த வண்டியில் மிக ஆபத்தான பழுது, ஏனென்றால் நீங்கள் விரலை எடுத்த பின்னும் மோட்டார் இழுக்கும்.

பழுதான வண்டியை விட்டுவிட்டு நகர்வதோடு நிற்காமல் ஆப்பில் பழுதென்று குறித்துவிடுங்கள். இரண்டு தொடுதல் வேலை. அடுத்து வருபவர் யாரோ ஒரு வீட்டின் பிள்ளை.

ஓட்டும் முறையில் புதியவர்களுக்கு ஒரு குழப்பம் வரும்: த்ராட்டிலை அழுத்தினால் வண்டி நகராது. ஒரு காலால் இரண்டு மூன்று முறை உந்தி, மணிக்கு 3 முதல் 5 கி.மீ. வேகம் வந்த பிறகே மோட்டார் பிடிக்கும். நின்ற இடத்திலிருந்து தாவாமல் இருக்கவே இப்படி அமைத்திருக்கிறார்கள். புடவை முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் இறுகச் செருகுங்கள், வேட்டியை மடித்துக் கட்டாமல் ஏறவே வேண்டாம். நிற்கும் பலகைக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே துணி போக ஒரு விரல் இடைவெளி போதும். டிராம் தண்டவாளம் உள்ள ஊர்களில், மர்செய், லியோன், போர்தோ, கிரெனோபிள் எல்லாமே அப்படித்தான், தண்டவாளத்தை நேர்க்குத்தாகக் கடக்கவேண்டும். சாய்வாகக் கடந்தால் சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிடும், மழை நாளில் பள்ளத்தில் இறங்காமலே வழுக்கும்.

ஏற்றம்

தீவில் வளர்ந்தவர்களுக்கு மேடு புதிதல்ல. ஆனால் இந்த வண்டி மேட்டில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை எந்த ஆப்பும் சொல்வதில்லை. லியோனின் க்ருவா-ரூஸ் மேட்டிலோ மர்செயில் நோத்ர்-தாம் தெ லா கார்த் ஏற்றத்திலோ நின்றுபோகும் வண்டியைத் திட்டுகிறவர்களுக்காக ஒரு கணக்கு. ஓட்டுபவர் 75 கிலோ, வண்டி 30 கிலோ, மொத்தம் 105. 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போக, ஈர்ப்பை வெல்ல மட்டும் சுமார் 345 வாட் தேவை. டயர் உரசலும் காற்றும் சேர்ந்து இன்னொரு 90 வாட். ஆகச் சுமார் 435 வாட் சக்கரத்தில் வேண்டும். மோட்டார்களின் தொடர்திறன், அதாவது சூடேறாமல் நீடித்துக் கொடுக்கும் திறன், பொதுவாக 350 வாட் அளவில். கொஞ்ச நேரத்துக்கு அதைவிட அதிகம் கொடுக்கும். சூடு ஏறியதும் கட்டுப்பாட்டுப் பெட்டி தானே மின்சாரத்தைக் குறைத்துவிடும். அதனால்தான் ஏற்றத்தின் முதல் 200 மீட்டரில் துள்ளிப் போகும் வண்டி நடுவழியில் நடை வேகத்துக்கு வந்துவிடுகிறது. அது பழுதல்ல, வண்டி தன்னைக் காத்துக்கொள்கிறது. காலால் உந்தி உதவுங்கள், இல்லையென்றால் இறங்கித் தள்ளுங்கள்.

பேட்டரிக் கணக்கும் மேட்டில் மாறும். ஆப் காட்டும் கி.மீ. சமதளத்துக்கு உரியது. மேலே சொன்ன எடையோடு 100 மீட்டர் உயரம் ஏறினால் ஏறத்தாழ 38 வாட்-மணி செலவாகும். சமதளத்தில் நின்று நின்று ஓட்டும்போது கி.மீ.க்கு 12 முதல் 15 வாட்-மணி. எனவே 100 மீட்டர் உயரத்தை 3 கி.மீ. சமதளம் என்று வைத்துக்கொண்டு கழித்துக்கொள்ளுங்கள். சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழ் போனால் இன்னொன்றும் நடக்கும்: மோட்டார் அதிக மின்சாரம் கேட்கும்போது பேட்டரியின் வோல்டேஜ் சட்டென்று சரிந்து, 15 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்த வண்டி ஏற்றத்தில் அணைந்துவிடும். மேட்டுப் பயணத்துக்கு 40 சதவீதத்துக்கு மேல் உள்ள வண்டியை எடுங்கள்.

இறக்கம்தான் கவனம் கேட்பது. மணிக்கு 25 கி.மீ. என்றால் நொடிக்கு 6.9 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக் பிடிக்க ஒரு நொடி ஆகும், அதற்குள் 7 மீட்டர் போய்விடும். காய்ந்த சமதளத்தில் அதன்பின் 8 மீட்டரில் நிற்கலாம், மொத்தம் 15. அதே வேகத்தில் 8 சதவீத இறக்கத்தில் 18 மீட்டர் ஆகும். மழையில் நனைந்த இறக்கத்தில் 27 மீட்டர் வரை போகும். ஆப் வேகத்தை 25-இல் கட்டுகிறதே என்று நம்பக்கூடாது. கட்டுவது மோட்டாரை மட்டும், இறக்கத்தில் வண்டி தன் எடையால் அதற்கு மேலும் ஓடும். மின்சாரத்தைத் திரும்பப் பேட்டரிக்கு அனுப்பிப் பிடிக்கும் பிரேக் உள்ள வண்டியில், பேட்டரி நிறைந்திருந்தால் அந்தப் பிடி வலுவிழந்துவிடும், உள்ளே வாங்க இடமில்லாததால். மேட்டு உச்சியில் முழுச் சார்ஜுள்ள வண்டி கிடைத்தால் சந்தோஷப்படுவதற்கு முன் கைப்பிரேக்கைச் சோதித்துவிட்டு ஏறுங்கள். முழங்காலை மடித்து, எடையைப் பின்னால் தள்ளி, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிப்பதே சரியான முறை.

முடிக்கும்போது

இனி முக்கியமான இடம். பாரிசில் 3 நிறுவனங்களின் 15,000 வண்டிகள் ஓடின. 2021 நவம்பரில் சுமார் 700 இடங்களில் வேகத்தை 10 கி.மீ. ஆகக் குறைத்தார்கள். அதற்குப் பிறகும் 2023 ஏப்ரல் 2 அன்று நடந்த வாக்கெடுப்பில் வந்து வாக்களித்தவர்களில் 89 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். வாக்களிக்க வந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு என்றாலும் முடிவு முடிவுதான், அந்த ஆகஸ்ட் கடைசியோடு வண்டிகள் போய்விட்டன. மத்ரித் நகரமும் 2024-இல் நிறுவனங்களின் உரிமத்தைப் பறித்தது. வண்டியை எங்கே விடுகிறார்கள் என்பதைக் கட்டுப்படுத்தவில்லை என்பதே அங்கே சொன்ன காரணம். நடைபாதையில் குறுக்கே கிடக்கும் ஒரு வண்டி கண் தெரியாதவருக்கும், தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் தாய்க்கும் சுவர். ஒழுங்காக நிறுத்தத் தெரியாத ஊரில் இந்தச் சேவை நீடிக்காது, நீடிக்கவும் கூடாது.

இன்று பெரும்பாலான ஊர்களில் வரைபடத்தில் குறித்த கட்டத்துக்குள்தான் பயணத்தை முடிக்க முடியும். கட்டம் தரையில் பெயின்டால் வரைந்திருக்கும். அங்கே போய் நின்று முடி என்று அழுத்தினால் நீங்கள் கட்டத்துக்கு வெளியே இருக்கிறீர்கள் என்று ஆப் சொல்லும். காரணம் ஜிபிஎஸ். திறந்த வெளியிலேயே 5 மீட்டர் பிசகும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்புவதால் இன்னும் அதிகம் பிசகும். கட்டமோ 2 மீட்டர் அகலம். செய்யவேண்டியது: வண்டியைச் சுவரிலிருந்து தள்ளி, கட்டத்தின் தெருப்பக்க ஓரத்தில் நிறுத்துங்கள். கைபேசியில் ப்ளூடூத்தும் துல்லிய இருப்பிடமும் இயங்கட்டும். 20 நொடி அசையாமல் காத்திருந்து மறுபடி அழுத்துங்கள். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் கட்டமும் வண்டியும் தெருப் பெயர்ப்பலகையும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம், ஆப்பின் மறுப்புச் செய்தியை ஒரு ஸ்கிரீன்ஷாட், இரண்டையும் எடுத்துவிட்டு ஆப்பின் உதவிப் பகுதிக்கு அப்போதே எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதினால் நேரக் குறி உங்களுக்கு எதிராகப் பேசும்.

அடுத்தது இடைநிறுத்தம். கடைக்குள் போய் வர வண்டியைப் பூட்டி வைக்கும் பொத்தானும் பயணத்தை முடிக்கும் பொத்தானும் பல ஆப்களில் அருகருகே இருக்கும். இடைநிறுத்தினாலும் வண்டி பூட்டிக்கொள்ளும், விளக்கும் அணையும், முடிந்துவிட்டது என்றே தோன்றும். நிமிடக் காசு மட்டும் ஓடும். இரவு முழுக்க ஓடிய பில்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தொகையும் நிமிடமும் போட்ட ரசீது திரையில் வரும் வரை நகராதீர்கள். நெட்வொர்க் போன இடத்தில், நிலத்தடி வாகன நிறுத்தத்தின் வாசல் போன்ற இடங்களில், அந்த ரசீது வராது. அப்படியானால் வண்டியோடே வெளியே வாருங்கள்.

நிறுத்திய படம் கேட்பதைச் சிலர் தொல்லை என்கிறார்கள். அது உங்கள் கவசம். நீங்கள் விட்டுப்போன பிறகு யாரோ அந்த வண்டியை நகர்த்திப் போட்டு, நகராட்சி இழுத்துப்போனால், உங்கள் படம்தான் சாட்சி. முழு வண்டியும் ஸ்டாண்டும் தரைக் கோடும் தெரியவேண்டும். சக்கரத்தை மட்டும் அருகில் எடுத்த படத்தை ஆப்பே தள்ளுபடி செய்யும்.

நல்ல சேவை எது என்று கேட்டால்: கட்டத்தை எட்டுவதற்கு முன்பே வழியில் அது நிரம்பிவிட்டது என்று சொல்லும் ஆப், மறுப்புக்குக் காரணம் காட்டும் ஆப், உதவிக்கு மனிதர் பதில் எழுதும் ஆப். இந்த மூன்றும் இருந்தால் வண்டி கொஞ்சம் பழசாக இருந்தாலும் அதையே எடுங்கள்.

காசும் சட்டமும்

கட்டணம் ஊருக்கு ஊர் வேறு. திறக்க 1 யூரோவும் நிமிடத்துக்கு 25 சென்ட் அளவிலும் என்று எடுத்துக்கொண்டால், 10 நிமிடப் பயணம் 3.50 யூரோ. இறங்குமிடத்தில் கட்டம் தேடி 6 நிமிடம் சுற்றினால் 5 யூரோ. ஏறும் முன்பே போய்ச் சேரும் கட்டத்தை வரைபடத்தில் குறித்து வைப்பது எவ்வளவு மிச்சம் என்று இதிலேயே தெரியும். தினமும் போய்வர 20 நாள் இப்படி எடுத்தால் மாதம் 140 யூரோ. பேருந்து, டிராம் மாதச் சீட்டு இதைவிட எவ்வளவோ மலிவு. மூன்று நான்கு மாதக் காசில் சொந்த வண்டியே வாங்கிவிடலாம். நிமிடப் பொதி வாங்குவதானால் காலாவதித் தேதியைப் பாருங்கள், மீதி நிமிடம் திரும்பக் காசாகாது.

சட்டம் பிரான்ஸ் முழுக்க ஒன்று, நம் தீவுக்கும் அதேதான். 2019 அக்டோபர் 23 ஆணையில் வந்தது. சைக்கிள் பாதை இருந்தால் அதில், இல்லாவிட்டால் ஊருக்குள் 50 கி.மீ. வரை வேகம் அனுமதித்த தெருவில். நடைபாதையில் ஓட்டினால் 135 யூரோ, இருவர் ஏறினால் 135, கைபேசியைக் கையில் பிடித்தாலும் காதில் இயர்போன் மாட்டியிருந்தாலும் 135. இரவில் ஒளி திருப்பும் உடை இல்லாவிட்டால் 35. மதுவுக்குக் கார் ஓட்டுபவருக்கான அதே வரம்பு, லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம். ஊருக்குள் ஹெல்மெட் கட்டாயமில்லை. ஆனால் 25 கி.மீ. வேகத்தில் முன்சக்கரம் குழியில் மாட்டினால் முதலில் தரையில் படுவது முகம். மடக்கு ஹெல்மெட் பையில் அடங்கும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டைப் பற்றி ஒன்று. மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம், வாடகை வண்டிக்கு அதை நிறுவனமே போட்டிருக்கும். நீங்கள் மோதிய மனிதருக்குத்தான் அது. உங்கள் கை உடைந்தால் அதற்கு அது உதவாது. வீட்டுக் காப்பீட்டோடு சேர்ந்த தனிநபர் விபத்துக் காப்பீட்டில் இந்த வகை வண்டி அடங்குமா என்று கிளம்புவதற்கு முன் இங்கேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

நம் ஊர்களுக்கு

சேன்-தெனி போன்ற நம் ஊர்களுக்கு இப்படியொரு சேவை பொருந்துமா என்பது இங்கே பலருடைய கேள்வி. கடலோரச் சமதளத்துக்குப் பொருந்தும். பராஷ்வாவிலிருந்து சேன்-மரி பக்கம் போகும் கடலோரப் பாதையும், ஷோத்ரோன் சுற்றுவட்டாரமும் 10 அங்குலச் சக்கரத்துக்கு ஏற்றவை. மேட்டில் இருக்கும் பெல்பியேர் மருத்துவமனைக்கோ லா மொந்தாஞ்ஞுக்கோ இந்த வண்டியில் ஏறுவதும் இறங்குவதும் வேண்டாம், மேலே போட்ட கணக்கே போதும். உயரத்தைக் கடக்க 2022 மார்ச்சில் வந்த பாப்பாங் கேபிள் கார் இருக்கிறது. ஷோத்ரோனில் தொடங்கி மூஃபியா பல்கலைக்கழகம் வழியாக புவா-தெ-நெஃப்ல் வரை 2.7 கி.மீ., 5 நிலையங்கள். ஷோத்ரோன் நிலையத்தின் வாசலில் 20 வண்டி நிற்கும் கட்டம் ஒன்று இருந்தால், மேட்டைக் கேபிளிலும் சமதளத்தை ஸ்கூட்டரிலும் கடக்கலாம். வண்டியை மலைமேல் விடாதபடி ஆப்பின் எல்லையைச் சமதளத்தோடு கட்டிவிடவேண்டும்.

உரிமம் கொடுக்கும்போது நகராட்சி கேட்கவேண்டிய நிபந்தனைகளும் அங்குள்ள ஊர்களிலிருந்து அப்படியே எடுக்கக் கூடாதவை. உப்புக் காற்றில் பிரேக் நெம்புகோலும் மின் இணைப்பும் சீக்கிரம் துருப்பிடிக்கும். பராமரிப்பு இடைவெளியை இங்கே குறைத்து எழுதவேண்டும். புயலுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் எத்தனை மணி நேரத்தில் எல்லா வண்டியையும் தெருவிலிருந்து எடுப்பார்கள் என்று எண்ணில் எழுதி வாங்கவேண்டும். 2024 ஜனவரியில் பெலாலும் 2025 பிப்ரவரியில் காரான்சும் வந்துபோன தீவில், 30 கிலோ இரும்பு தெருவோரம் நிற்பதை அனுமதிக்க முடியாது. காவடி நாட்களும் உண்டு. சேன்-ஆந்த்ரேயிலும் சேன்-போலிலும் ஊர்வலம் போகும் தெருவில் வெறுங்காலோடு நடப்பவர்கள் நடுவே ஸ்கூட்டருக்கு இடமில்லை. கோயில் நிர்வாகம் கொடுக்கும் நேரப்படி, அந்தத் தெருக்கள் முந்தின இரவே ஆப்பில் சிவப்பாகி, அங்கிருக்கும் கட்டங்கள் மூடப்பட்டு, நின்றிருக்கும் வண்டிகள் அகற்றப்படவேண்டும். ஆப்பில் இதைச் செய்யச் சில நிமிடம் போதும், யார் செய்வது என்பது ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும்.